மழலையர் வகுப்பும் கவனக் குவிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குக் கவனம் குறைந்துவருகிறது என்றும், நான்கு வயதிலேயே கவனக் குவிப்புப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் வலியுறுத்தும் கட்டுரையைத் தங்கள் இதழில் சென்ற வாரம் படித்தேன். கைபேசித் திரையைப் பற்றி அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பெரியவர்களிடம் நிறைய இருக்கும் ஒன்றுதான் குழந்தைகளிடம் கொஞ்சமாக இருக்கிறது என்று கட்டுரையாளர் முதலிலேயே வைத்துக்கொண்டு, தம் பரிந்துரைகள் அனைத்தையும் அதன் மேல் அடுக்கியிருக்கிறார். மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையிலும், குழந்தை உளவியல் ஆய்வுகளை விடாமல் படித்துவருபவள் என்ற முறையிலும், அந்தத் தொடக்கமே சரியில்லை என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் பிளெபனெக், விளாடிமிர் ஸ்லௌட்ஸ்கி ஆகிய இருவரும் செய்து 2017-இல் வெளியிட்ட சோதனை ஒன்றை முதலில் சொல்கிறேன். கணினித் திரையில் சிவப்புக் கோட்டால் வரைந்த வடிவம் ஒன்றும் பச்சைக் கோட்டால் வரைந்த வடிவம் ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இரண்டில் ஒரு நிறத்தை மட்டும் கவனிக்கச் சொல்வார்கள். சற்று இடைவெளி விட்டு மறுபடியும் காட்டும்போது வடிவம் மாறியிருக்கிறதா என்று கேட்பார்கள். கவனிக்கச் சொன்ன வடிவத்தில் ஏற்பட்ட மாற்றத்தைப் பெரியவர்கள் 94 சதவீதம் கண்டுபிடித்தார்கள். நான்கைந்து வயதுக் குழந்தைகள் 86 சதவீதம். இதுவரை நாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் கவனிக்கச் சொல்லாத வடிவம் மாறியபோது குழந்தைகள் 77 சதவீதம் கண்டுகொண்டார்கள், பெரியவர்களோ 63 சதவீதத்தோடு நின்றுவிட்டார்கள். கவனமே இல்லாத குழந்தையாக இருந்தால் இரண்டு இடத்திலும் தோற்றிருக்க வேண்டும் அல்லவா? சொன்னதில் சற்றுக் குறைவாகவும் சொல்லாததில் நன்றாகவும் தேறியிருக்கிறதென்றால், அதன் கவனம் ஒரு புள்ளியில் குவியாமல் காட்சி முழுவதும் பரவியிருக்கிறது என்றுதான் கொள்ள முடியும்.

இதற்கும் குழந்தைகள் பொருள்களை வகைபிரிக்கக் கற்றுக்கொள்ளும் விதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கட்டுரை அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒன்றை இன்ன வகை என்று அறிவது என்றால், அதன் எண்ணற்ற அடையாளங்களில் எது முக்கியம் என்று கண்டு அதைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது என்றே பெரியவர்களாகிய நாம் நினைக்கிறோம். நம் மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. வெய் டெங், ஸ்லௌட்ஸ்கி இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தலை, உடல், கை, கால், வால் என்று பல உறுப்புகளைக் கொண்ட கற்பனை உயிரினங்களை இரண்டு வகைகளாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் உறுப்பு மட்டும் எப்போதும் வகையைச் சரியாகக் காட்டும். மற்றவை பெரும்பாலும் காட்டும், சில நேரம் ஏமாற்றும். பெரியவர்கள் அந்த ஒற்றை உறுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வயதினர் மொத்தத் தோற்றத்தைக் கொண்டு பிரித்தார்கள். எல்லா உறுப்புகளையும் நினைவிலும் வைத்திருந்தார்கள். வகைபிரிக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். வேறு வழியில் பிரிக்கிறார்கள்.

இன்னும் முன்னால் போனாலும் இதே கதைதான். மூன்று நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் பூனைப் படங்களை வரிசையாகக் காட்டிவிட்டு ஒரு புதிய பூனையையும் ஒரு நாயையும் பக்கத்தில் வைத்தால், அவை நாயை அதிக நேரம் பார்க்கின்றன என்பதை பால் குவின், பீட்டர் ஐமாஸ் முதலியோர் 1993-லேயே காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் நாய்களைக் காட்டிவிட்டுப் பிறகு பூனையைக் காட்டினால் குழந்தைகள் அதைப் புதிதாகக் கருதவில்லை. நாய்கள் உருவத்தில் அவ்வளவு பலவிதமாக இருப்பதால், அந்தக் கூட்டத்துக்குள் பூனையும் அடங்கிவிடுகிறது என்று இதை விளக்குகிறார்கள். இவ்வளவு சிறு வயதில், பெயரோ விதியோ யாரும் சொல்லித்தராமல், கண்ணில் படுவதையெல்லாம் சேர்த்துக்கொண்டே வகை உருவாகிறது.

வகுப்பறையில் இதன் விளைவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யுகேஜி பயிற்சிப் புத்தகங்களில் 'பொருந்தாததை வட்டமிடு' என்ற பகுதி தவறாமல் இருக்கும். காகம், புறா, கிளி, அணில் என்று நான்கு படங்கள்; அணிலை வட்டமிட வேண்டும். ஒரு பெண் குழந்தை புறாவை வட்டமிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கு மட்டும் நிக்கிறதுக்கு எடமே இல்ல மிஸ்" என்றாள். பார்த்தால், ஓவியர் மற்ற மூன்றுக்கும் காலடியில் ஒரு கிளையை வரைந்திருந்தார்; புறா மட்டும் வெறும் வெள்ளைத்தாளில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்திய ஆசிரியைகள் யாருடைய கண்ணிலும் அது பட்டதாகத் தெரியவில்லை, ஏனென்றால் பறவையா, பறவையல்லாததா என்பதைத் தவிர வேறெதையும் அந்தப் பக்கத்தில் நாங்கள் தேடியதில்லை. 'சரியாகக் கவனிப்பதில்லை' என்று குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி நம்மைவிட அதிகம் கவனித்தவர்களோ!

குழந்தைக்கு நம் முறையைக் கற்றுக்கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கும் சோதனை உண்டு. ஸ்லௌட்ஸ்கியும் ஆன்னா ஃபிஷரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு பூனைப் படத்தைக் காட்டி, இதன் உடம்புக்குள் இன்ன வகை உயிரணுக்கள் (செல்கள்) இருக்கின்றன என்று சொன்னார்கள். பிறகு பூனை, கரடி, பறவைப் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த உயிரணுக்கள் இருக்குமா என்று கேட்டார்கள். முடிந்ததும், முன்னறிவிப்பு ஏதுமின்றி, இந்தப் படத்தை முன்பு பார்த்தீர்களா என்று ஒரு நினைவுச் சோதனை வைத்தார்கள். பார்க்காததையும் பார்த்ததாகச் சொன்ன தவறுகளைக் கழித்துக் கணக்கிட்டபோது குழந்தைகளின் துல்லியம் 31 சதவீதம், கல்லூரி மாணவர்களுடையது வெறும் 7 சதவீதம். 'பூனை' என்று முடிவெடுத்த மறுகணமே பெரியவர்கள் அந்தப் பூனையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளோ ஒவ்வொரு படத்தையும் முதல் படத்தோடு ஒப்பிட வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பூனையும் அவர்களுக்குத் தனிப் பூனையாக இருந்தது. அடுத்ததாக, ஒரே வகையைச் சேர்ந்த விலங்குகளுக்குள் ஒரே பொருள்தான் இருக்கும் என்ற விதியைக் குழந்தைகளுக்குப் பழக்கிவிட்டு மறுபடி சோதித்தார்கள். அவர்களது துல்லியமும் பெரியவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. கவனத்தைக் குவிக்கப் பழக்குவதால் வரும் லாபத்தை மட்டும் எழுதிய கட்டுரையாளர், இந்த இழப்பையும் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

நேதனியல் பிளாங்கோவும் ஸ்லௌட்ஸ்கியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் செல்கிறது. வகைபிரிக்க உதவிய அடையாளத்தைப் பாதியில் பயனற்றதாக்கி, அதுவரை பயனற்றிருந்த ஒன்றை முக்கியமாக்கியபோது, தள்ளிவிடப் பழகிய ஒன்றை மறுபடி கவனிக்கப் பெரியவர்கள் தடுமாறினார்கள்; குழந்தைகளுக்கு அந்தத் தடுமாற்றம் குறைவாகவே இருந்தது. எது நாளைக்குப் பயன்படும் என்று இன்னும் தெரியாத வயதில், எதையும் கழித்துவிடாமல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகவே எனக்குப் படுகிறது.

இப்படிச் சொல்வதால் பரவிய கவனத்தால் தொல்லையே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். தொல்லை உண்டு, அதுவும் குறிப்பாக வகுப்பறையில். மேலே சொன்ன அதே ஆன்னா ஃபிஷர், பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கேரி காட்வின், ஹோவர்ட் செல்ட்மன் ஆகியோருடன் சேர்ந்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்கு ஆறு அறிவியல் பாடங்கள்; மூன்று பாடங்கள் சுவர் நிறையப் படங்களும் அட்டைகளும் ஒட்டிய அறையில், மூன்று பாடங்கள் வெற்றுச் சுவர் கொண்ட அறையில். அலங்கரித்த அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் குழந்தைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்தது, வெற்றறையில் 28.4 சதவீதம். தேர்வில் முறையே 42 சதவீதமும் 55 சதவீதமும் சரியான விடைகள்.

நம் ஊர் மழலையர் வகுப்புகளின் சுவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அ முதல் ஃ வரை, மறுபக்கம் ஆங்கில எழுத்துகள், இடையில் பழங்கள், வாகனங்கள், தேசத் தலைவர்கள், மேலே தொங்கும் வண்ணக் காகித வளையங்கள், கதவில் மிக்கி மவுஸ். பெற்றோர் சேர்க்கைக்கு வரும்போது 'ஆக்டிவிட்டி' நிறைய நடப்பதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பாதியை ஒட்டுவார்கள் என்பதைச் சொல்லிவிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. இத்தனைக்கும் நடுவில் கரும்பலகையில் எழுதிய 'ட' என்ற ஒற்றை எழுத்தைப் பார்க்கவில்லை என்று குழந்தையை நிற்கவைக்கிறோம். சுவரை முற்றிலும் துடைத்துவிடச் சொல்லவில்லை. நடத்துகிற பாடத்துக்குரிய படம் பலகையருகே இருக்கட்டும், மற்றவை குழந்தைகளின் முதுகுப்பக்கச் சுவருக்குப் போகட்டும். இதற்குக் காசு செலவில்லை, பயிற்சி மையமும் தேவையில்லை.

கட்டுரையாளர் பரிந்துரைக்கும் பயிற்சி, அதாவது ஒரே படத்தை வேறெங்கும் பார்க்காமல் பல நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருக்கச் செய்வது, நான்கு வயதுக்கு உகந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. வேண்டாததை ஒதுக்கிவைக்கும் வேலையில் பெரும்பங்கு வகிக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி மெதுவாக முதிர்வது. வளரிளம்பருவத்தைத் தாண்டியும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. மேலும், குவிப்பு என்பது எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பின்னர் வருவது. காரணம் சொல்லாமல் 'பார், பார்' என்று மிரட்டினால் குழந்தைக்கு எதைப் பார்ப்பது என்பது தெரியாது, கீரைக்கட்டைக் கையில் கொடுத்து, "இந்தக் கீரையோட தண்டையும் அந்தக் கீரையோட தண்டையும் தொட்டுப் பார், எது வழவழப்பா இருக்கு?" என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளையும் கண்ணெடுக்காமல் பார்க்கும்.

இன்னொன்று. இந்த வயதின் இயல்பையும் மருத்துவர்கள் ஏடிஹெச்டி என்று அழைக்கும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டையும் கட்டுரை ஒரே பத்தியில் கலந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டின் வரையறைப்படி, அறிகுறிகள் அந்த வயதின் வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவில், குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி போன்ற இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் காணப்பட்டு, அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும். வகுப்பில் ஜன்னல் வழியே பார்க்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெயரைச் சூட்டுவது எவ்வளவு தவறோ, உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தையைப் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதும் அவ்வளவு தவறு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைக் குழந்தை நல மருத்துவர் ஒருவரைக் கொண்டு தாங்கள் வரும் இதழ்களில் எழுதச் செய்தால், சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பயிற்சி மையங்களின் விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் பலருக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மழலையர் வகுப்பு ஆசிரியை,
தஞ்சாவூர்.