சாவியை மட்டும் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்ளைக்கு,

மேலூரிலிருந்து மச்சான் எழுதுவது. கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்குப் பாதிப் பக்கம் எழுதிவிட்டு, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வதைக் கடைசி இரண்டு வரியில் அமுக்கியிருக்கிறாய். காதுகுத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன். முதலில் வீட்டு விஷயத்தைப் பேசுவோம்.

சாமானைத் தூக்கித் தெருவில் வைப்பேன் என்கிறாராமே? வைக்க முடியாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் கேஸ் போட்டு மறுபடி உள்ளே போகலாம். 1963-ஆம் வருஷத்து ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட், 6-வது பிரிவு. வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே அதில் வராது. வக்கீல் குமாஸ்தாவாக இத்தனை வருஷம் கட்டுத் தூக்கியதில் மனப்பாடமான பிரிவு இது.

என் கவலை வேறு. நீ ஒத்திக்கு இருக்கிறாய், அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குகிற ஏற்பாடு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் போகிற ஒத்தி, பத்திர ஆபீசில் பதிந்தால்தான் சட்டப்படி ஒத்தி. மதுரையில் யார் பதிகிறார்கள்? முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். உன் ஐந்து லட்சமும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பணம் பேங்க் வழியாகப் போயிருந்தால் அந்தப் பாஸ்புக் வரிதான் உனக்குப் பெரிய துணை. இப்போதே என்ட்ரி போட்டு வை.

‘அடுத்த ஆள் வந்ததும் பணம் தருகிறேன், நீங்க முதல்ல காலி பண்ணுங்க’ என்பார். எல்லா வீட்டுக்காரரும் சொல்வது அதுதான். ஒரு கையில் பணம், மறு கையில் சாவி. தங்கச்சியிடமும் சொல்லிவை, அவள் இளகின மனசுக்காரி. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பேசினால் மரியாதையாகப் போய்விட்டு வா, ஆனால் இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன் என்று எதிலும் கையெழுத்துப் போடாதே. இது சிவில் விவகாரம், காலி செய்ய வைப்பது போலீஸ் வேலை இல்லை.

மாடியில் வாடகைக்கு இருக்கிற பையன் கதை தனி. அவனுக்கு 2017-ல் போட்டு 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தமே போடவில்லை என்பதைக் காரணம் காட்டியே காலி செய்யக் கேட்கலாம், அதனால் அவன் சும்மா இருக்கக் கூடாது. வாடகையை இரண்டு மாதம் நிறுத்தினால் அதுவும் காரணமாகிவிடும். கையில் கொடுக்காமல் அக்கவுண்டில் போடச் சொல். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். நல்லவேளை, கோயில் இடம் இல்லை. அதற்கு வேறு சட்டம், வேறு தலைவலி.

செலவுக்குத் தயங்காதே. பத்திரம் தங்கச்சி பேரில்தானே? பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேள், இல்லாவிட்டால் 15100-க்குப் போன் போடு.

பத்திரத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பு. பின்பக்கத்தையும் எடு, முத்திரைத்தாள் விற்றவர் சீலும் தேதியும் எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்