நிசெகோ பயணம்: இரண்டு ஜோடி காலுறை வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

டிசம்பரில் உயர்நிலை 3 பிள்ளைகளை ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவுக்குப் பனிச்சறுக்கு அழைத்துப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி குளிரைப் பற்றித்தான். குளிரும், பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் அதற்கான உடுப்பு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது, விடுங்கள். எனக்குக் கவலை வேறு.

விடுமுறை நவம்பரிலேயே தொடங்குகிறதே, அப்போதே போனால் மலிவாயிற்றே என்று சிலர் கேட்டீர்கள். மலிவுதான், சறுக்கப் பனிதான் இருக்காது. சைபீரியாவின் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோ மலைகளில் பனியாகக் கொட்டுகிறது, அது மும்முரமாக டிசம்பர் பிறக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வாரமென்றால் கூட்டமும் விலையும் தாங்காது. அதனால்தான் டிசம்பர் நடுவில் வைத்தோம்.

நாம் போகும் நிசெகோவின் அன்னுபுரி மலை 1,308 மீட்டர், நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றை எட்டு முறை அடுக்கினாற்போல. அதில் நான்கு சறுக்குத்தளங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கிவிடலாம், பிறகு பிள்ளையை எங்கே தேடுவது? ஆகவே ஒரே தளம், பயிற்றுநரோடு மட்டும். எல்லைக் கயிற்றைத் தாண்டினால் மலைமேல் ஏற்றும் லிஃப்டுக்கான சீட்டைப் பறித்துவிடுவார்கள், அதை வீட்டில் ஒருமுறை சொல்லிவையுங்கள், நாங்கள் சொன்னால் கேட்கிற வயதா அது!

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்குத் தேவை, கடைசி வாரத்தில் ஓடிவராதீர்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல சமயம் பனிச்சறுக்கு விபத்தை ஏற்காது, அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மருந்து விஷயம் இன்னும் முக்கியம். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மூக்கடைப்பு மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. நீங்கள் பாசத்தோடு பையில் செருகுவதை நாங்கள் விமான நிலையத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

சைவப் பிள்ளைகளின் பெயரைத் தனியாகத் தாருங்கள். அங்கே காய்கறி சூப் என்று சொல்வதிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். பருப்புப்பொடி கொடுத்தனுப்பலாம், இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம்.

அப்புறம் காலுறை. முன்பு ஒருமுறை நான் குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு பனிச்சறுக்குக் காலணியைப் பூட்டினேன், மதியத்துக்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம், மீதி நாள் முழுக்க கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால்வரை வரும் நீளக் காலுறை, ஒரே ஜோடி, பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி மண்டபத்தில் பேசலாம். கையெழுத்திட்ட படிவத்தையும் கடப்பிதழ் நகலையும் அன்றே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்