மங்குக்கு க்ரீம் வாங்கும் முன் குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் நெருங்கினாலே ஈரோடு, திருப்பூர், கோபி, தாராபுரம் பக்கத்து மெடிக்கல்களில் ஒரு கேள்வி அதிகமாகிவிடும்: “மங்குக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க.” கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் கறுப்பைத்தான் மங்கு என்கிறோம். கேட்பவர் கையில் பக்கத்து வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பிய காலி அட்டைப்பெட்டியும் இருக்கும். அதே பெயரில் ஒரு சின்னக் குழாய் கைமாறும். கறுப்பு எந்த இடத்தில், எத்தனை மாதமாக, கர்ப்பமா, வேறு மாத்திரை உண்டா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமிருப்பதில்லை. அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது, அதற்குப் பதில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வதற்காகவே இக்கடிதம்.

குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது, தோலில் கருநிறமி உருவாவதைக் குறைக்கும். இரண்டாவது, மேல்தோலைச் சீக்கிரம் உதிரச் செய்து மற்ற மருந்து உள்ளே இறங்க வழிவிடும். இவை இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்கத்தான் மூன்றாவதாக ஸ்டீராய்டு. பத்தே நாளில் முகம் பளிச்சென்று தெரிவதில் பெரும்பங்கு இந்த மூன்றாவதற்கே. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமியையும் அடக்கும்.

இந்தக் கூட்டு கெட்ட மருந்தல்ல. 1975-ல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த முறையிலிருந்து வந்தது. மங்குக்கு இன்றும் பலமான மருந்துகளில் ஒன்று. ஆனால் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டில் இருப்பது புளூசினோலோன் 0.01 சதவீதம் என்ற மென்மையான ஸ்டீராய்டு. அதையும் 8 வாரத்துக்கு மேல் தொடர்ந்து பூசக் கூடாது என்று அங்கே வரையறை உண்டு. நம் ஊரில் அதைவிட வீரியமான மொமெட்டசோன் சேர்ந்த குழாயை, தீரத் தீர வாங்கி, ஆண்டுக்கணக்கில் ஃபவுண்டேஷன் மாதிரி முகம் முழுக்கப் பூசுகிறார்கள். சில வீடுகளில் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் க்ரீமைப் பவுடரோடு குழைத்துப் பூசும் வழக்கமும் இருக்கிறது. க்ளோபெட்டசால் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. முகத்துக்கு ஆகவே ஆகாது.

தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவந்த நுண் ரத்தக் குழாய்கள் இழையிழையாகத் தெரியும். வெயிலில் நின்றால் எரியும். ஒரே அளவில் சிறுசிறு பருக்கள் கூட்டமாக வரும். பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரும். படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவும். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து, அரித்து, மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வரும். உடனே ‘அந்த க்ரீம்தான் எனக்குச் சரி’ என்று மறுபடியும் வாங்குவார்கள். இந்தச் சுழலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை ஹெச் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது. குழாயில் சிவப்புக் கோடும் எச்சரிக்கை வாசகமும் இருந்தும், கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நிலைமை.

மாதக்கணக்கில் பூசிவருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே குழாயைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பல வாரம் வாட்டும். வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாறி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே வழி. அந்த வாரங்களில் சோப்பு, ஸ்கரப், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போதும்.

இதைவிட மோசமானது, பெயர்ப் பட்டியலே இல்லாமல் வரும் டப்பா. தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் எதுவும் இருக்காது. ‘தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது’ என்று மட்டும் எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் பாதரசம் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ‘கலோமெல்’, ‘மெர்குரஸ் குளோரைடு’ என்ற பெயர்களும் பாதரசமே. 2021-க்கும் 2023-க்கும் இடையில் கேரளத்தின் கோட்டக்கலில் மருத்துவர்கள் பதிவுசெய்த ஒரு வகைச் சிறுநீரகப் பாதிப்பில், 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் விற்பது இந்தப் பக்கம் வராதா என்ன? க்ரீம் பூசுபவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீரில் நுரை நின்றாலோ உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒருவர் பூசினால் அவர் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும் பாதரசம் போகும்.

இனி, எந்தக் கறுப்பு என்பது. எல்லாக் கறுப்புக்கும் ஒரே க்ரீம் என்று நினைப்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் ஒரே மாதிரி படர்வது மங்கு. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை ஆகியவை தூண்டும். கர்ப்பத்தில் வந்தது பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானே குறையும். பரு, கொசுக்கடி, எண்ணெய் தெறித்த புண் ஆறிய இடத்தில் நிற்பது அழற்சித் தழும்பு. பருவை நிறுத்தாமல் தழும்புக்கு மட்டும் பூசுவது வீண். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது அழுக்கல்ல. தேய்க்கத் தேய்க்க அதிகமாகும். அங்கே பார்க்க வேண்டியது சர்க்கரை அளவையும் உடல் எடையையும். விரல் மூட்டுகள் கறுத்து நாக்கும் வழவழப்பானால் பி12 குறைவா என்று பார்க்கலாம். சிக்குன்குனியாவுக்குப் பின் மூக்கு கறுப்பது சில மாதங்களில் தானே போகும். நெற்றி ஓரத்திலும் காதுப் பக்கத்திலும் கருநீலமாகப் படர்ந்தால் தலைக்கு அடிக்கும் டையை முதலில் நிறுத்துங்கள். முதுகிலும் தோள்பட்டை எலும்பின் மேலும் அலையலையாகக் கறுத்தால் பீர்க்கங்காய் நாரும் நைலான் தேய்ப்பானுமே காரணமாக இருக்கும். உணர்ச்சியில்லாத வெளிர்த்த படை, வேகமாக வளரும் அல்லது ரத்தம் கசியும் மச்சம், உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளி ஆகியவற்றுக்கு எந்த க்ரீமும் பூசாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

பழுப்பு நிறப் புள்ளி பெரும்பாலும் மேல்தோலில் நிற்பது. சில மாதங்களில் குறையும். சாம்பல் கலந்த நீலமாகத் தெரிவது ஆழத்தில் இருப்பது. ஆண்டுகள் ஆகலாம், முழுக்கப் போகாமலும் நிற்கலாம். ‘ஒரே வாரத்தில்’ என்று யார் சொன்னாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் மற்ற எதற்குச் செலவழித்தாலும் மங்கு திரும்ப வரும். எஸ்.பி.எஃப் என்ற காப்பு அளவு 30-க்குக் குறையாமல், பி.ஏ. குறியீட்டில் மூன்று பிளஸ் (PA+++) உள்ளதாக வாங்கவும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய அளவுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்கு வேண்டியது. குறைந்தது 1 கிராம் வரும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றால் 50 கிராம் குழாய் ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும். மூன்று மாதம் வந்தால் பூசியது போதவில்லை. வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசி, வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். நம் நிறத்துத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைத் தூண்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் வகை மங்குக்கு இன்னும் நல்லது. வெள்ளைப் பூச்சு அந்த வெளிச்சத்தைச் சரியாகத் தடுப்பதில்லை.

கோவைப் பக்கம் கணவாய்க் காற்று வீசுவதால் வெயில் உறைப்பதில்லை. அதனால் பூசாமல் விடுகிறார்கள். காற்று சூட்டைத்தான் குறைக்கும், புறஊதாக் கதிரை அல்ல. ஊட்டிக்குப் போனால் உயரம் கூடக்கூடக் கதிரும் கூடும். வண்டியில் போகும்போது முகத்தில் சுற்றும் துப்பட்டாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல் நிழல் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். கைக்குப் போடும் பனியன் துணிக் கையுறையும் இழுபட்டால் இழைகளின் இடைவெளி விரிந்து காப்பு குறைகிறது. அடர்த்தியான நெசவு, கருநிறம், அகல விளிம்புத் தொப்பி இவையே உதவும். வயலிலும் சாயப்பட்டறையிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் முதல் மருந்து. குழாய் அதற்கு அடுத்ததுதான்.

இதோடு இரவில் பூச, ஸ்டீராய்டு இல்லாத மருந்துகளில் நாங்கள் முதலில் சொல்வது அசெலாயிக் அமிலம். 10 சதவீதத்தில் தொடங்கி, தேவையானால் மருத்துவர் சொல்லி 15 அல்லது 20. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது. பருவுக்கும் வேலை செய்யும். முதலில் முழங்கையின் உட்பக்கம் இரண்டு இரவு பூசிப் பாருங்கள். சிவக்காவிட்டால் முகத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம் கழித்துத் தினமும். முகம் கழுவி முழுக்க உலர்ந்த பிறகு பூச வேண்டும். ஈரத் தோலில் எரிச்சல் அதிகம். சுருக்கென்ற உணர்வு முதல் சில வாரம் இருக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது.

மற்றப் பூச்சுகளில் நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் மென்மையானது, மெதுவானது. கோஜிக் அமிலம் 1 சதவீதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். வைட்டமின் சி சீரம் பழுப்பானால் கெட்டுவிட்டது என்று பொருள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கி, எரிந்த பிறகு எதனால் எரிந்தது என்று தெரியாமல் நிற்பது வழக்கமான கூத்து. ஒரு மருந்து, இரண்டு வாரம், பிறகு அடுத்தது.

ஸ்டீராய்டு கலக்காத ஹைட்ரோகுவினோனை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்க வேண்டாம். இரவில் மட்டும், புள்ளியின் மேல் மட்டும், மெல்லிய பூச்சாக. சுற்றிலும் வழிந்தால் வெளிறிய வளையம் விழும். மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மறுபடியும் காட்டுங்கள். நீண்ட நாள் பூசினால் ஓக்ரோனோசிஸ் என்ற, கரைக்கவே முடியாத நீலக்கறுப்பு படியும். க்ரீம் பழுப்பாக மாறியிருந்தால் வீசிவிடவும். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசினால் தோலில் தற்காலிகப் பழுப்புக் கறை ஏறும். ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கர்ப்பத்தில் வேண்டாம்.

ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை, 250 மில்லிகிராம் தினம் இருவேளை, விடாப்பிடியான மங்குக்குப் பயன்படுகிறது. அதிக மாதவிடாய்ப் போக்குக்குத் தருவதும் இதே மருந்துதான் என்பதால், வீட்டில் இருப்பதை எடுத்து விழுங்குபவர்கள் உண்டு. உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து இது. காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் தாமாகத் தொடவே கூடாது.

பீல் என்ற அமிலச் சிகிச்சையும் லேசரும் க்ரீமுக்குப் பின் வருபவை. நம் நிறத்தில் அளவு மீறினால் தீக்காயமும் அதைத் தொடர்ந்து புதுக் கறுப்புமே மிஞ்சும். லேசர் மங்குக் கறுப்பைப் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் குறைக்கும். பார்லரில் ‘பீல்’ செய்தால் எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்; பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின மாதத்தில் முதல் பீல் வேண்டவே வேண்டாம். க்ளூட்டாதயோன் ஊசி நிறத்தை மாற்றப் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றில்லை. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களில் ‘எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் காயவிடவும்’ போன்ற குறிப்புகள் இன்னும் வருகின்றன. எலுமிச்சைத் தோலிலுள்ள பொருள் வெயில் பட்டால் தோலைக் கொப்புளிக்க வைத்து, மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பை விட்டுச்செல்லும். பற்பசையும் சமையல் சோடாவும் தோலை எரித்துக் கறுப்பை விட்டுச்செல்லலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் நம்புங்கள். மங்கைப் போக்கும் என்பதற்கு வலுவான சான்றில்லை, சிலருக்கு அரிப்பும் தரும். அத்தகைய குறிப்புகளை அச்சேற்றும் முன் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினால் நல்லது.

எந்த க்ரீமால் பாதிப்பு வந்தாலும் குழாய், பெட்டி, ரசீது மூன்றையும் பத்திரமாக எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்க மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024, நோயாளிகளே அழைக்கலாம். சீட்டில்லாமல் விற்றவர் மீது மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கவும் அதே ரசீது வேண்டும்.

இப்படிக்கு,
தோல் மருத்துவப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
ஈரோடு.