கோமுவுக்கு, ஜாபர்கான்பேட்டையிலிருந்து

ஜாபர்கான்பேட்டை,
சென்னை - 83

அன்புள்ள கோமு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து மனசு உன்னிடமே இருக்கிறது. உன் வீட்டு அண்ணனுக்குப் புற்றுநோய் ரேடியேஷன் முடிந்து, "நல்லா இருக்கார், மூணு மாசம் கழிச்சு ஸ்கேனுக்கு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் அந்த மூன்று மாதமும் உனக்குத் தூக்கம் இல்லை. அண்ணன் அசந்து தூங்கும்போது அவர் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாய். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஏளா, நீ யாரோ சைக்காலஜிஸ்ட்கிட்ட போறியாமே, அங்க போயி என்னதான் பேசுத?" என்று கேட்டாய். போனில் சொன்னால் அரைகுறையாகத்தான் வரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இங்கத்து நிலவரம். என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஆள் குறைப்பு இன்னும் நிற்கவில்லை. பக்கத்து டீம் முழுவதும் போய்விட்டது. இவருக்கு ஐம்பத்தொன்று. இந்த வயதில் ஓ.எம்.ஆர். ரோட்டு ஐ.டி. கம்பெனிகளில் இன்னொரு வேலை சுலபத்தில் கிடைக்காது என்பது இருவருக்குமே தெரியும். பையனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. அத்தைக்கு முட்டி வலி கூடிவிட்டது. ஐப்பசி பிறந்து மழையும் ஆரம்பித்தாயிற்று.

மழை என்றால் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் எங்களுக்கு மிக்ஜாம் புயல் வந்தது, அடுத்த இரண்டு வாரத்தில் உங்கள் தாமிரபரணி கரை மீறியது. மழைக்காலம் வந்தாலே நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செம்பரம்பாக்கம் ஏரி மட்டம் பார்ப்பேன். அதைத் திறந்தால் தண்ணீர் அடையாற்றில் எங்கள் பக்கம்தானே வரும். மொத்த ஆழம் 24 அடி. இருபத்தொன்று என்று போட்டிருந்தால் அதோடு அன்றைய தூக்கம் போச்சு. பதினெட்டு என்று இருந்தால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு திரும்பவும் போனை எடுப்பேன். இவர் வேலை விஷயமும் அப்படித்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னிக்கு ஆபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிடுவேன். "ஒண்ணும் இல்லை" என்பார். அந்த ஒரு சொல் அரை மணி நேரம்தான் தாங்கும்.

இந்த நிலையில்தான் அந்தச் சைக்காலஜிஸ்டிடம் போனேன். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ளவர். (நீ யாரிடம் போனாலும் இதை முதலில் கேள். இரண்டு வார கோர்ஸ் முடித்துவிட்டு போர்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.) என் கதை முழுவதையும் கொட்டிவிட்டு, "அவர் வேலை போகாதுதானே மேடம்?" என்று கேட்டேன். அவர், "எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே எப்படி இருக்கிறதுன்னு பார்க்கத்தான் இங்க உட்கார்ந்திருக்கோம்" என்றார். கோமு, அந்த வருடம் முழுக்க என்னிடம் யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று எல்லோரும் சொன்னார்கள். திடமாக எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர் விளக்கியது இது. ஓயாமல் கவலைப்படுகிறவர்களைப் பற்றி 1990களில் கனடாவின் கியூபெக்கில் மிஷேல் துகா, ரொபேர் லதூசேர் என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கெட்டது நடக்கும் என்ற பயத்தைவிட, என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் இவர்களால் பொறுக்க முடிவதில்லை என்று கண்டார்கள். அதனால் எதையாவது செய்து நிச்சயம் தேடுகிறோம். போனைப் பார்ப்பது, கேட்டதையே கேட்பது, கூகுளில் தேடுவது, கழுத்தைத் தடவுவது எல்லாம் அதில் சேர்ந்தவை. தேடும்போது ஒரு நொடி ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே பழக்கமாகி, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தேட வைக்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரிதான்.

சிகிச்சை என்பது சோபாவில் படுத்துக்கொண்டு சின்ன வயதுக் கதை சொல்வது இல்லை. எனக்கு நடந்தது பெரும்பாலும் வீட்டுப்பாடம்தான். ஒரு நோட்டு போட்டேன். மனசில் வருகிற ஒவ்வொரு கவலையையும் எழுதி, இதில் இன்றைக்கு நான் செய்ய ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு என்றால் உடனே செய்ய வேண்டும். வேலை போனால் கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும் என்பது நிஜமான பிரச்சினை, அதனால் தனியாக ஒரு குடும்ப பாலிசி எடுத்தோம். தண்ணீர் வந்தால் ஃப்ரிட்ஜ் நனையும் என்பதற்கு உயரமான ஸ்டாண்ட் போட்டாயிற்று, பத்திரங்கள் மேல் லாஃப்ட்டுக்கும் டிஜிலாக்கருக்கும் போய்விட்டன. செய்ய எதுவும் இல்லாத "ஒருவேளை அப்படி ஆயிட்டா" வகையறாவுக்குச் சாயங்காலம் அரை மணி நேரம், மொட்டை மாடியில். அதுவரை நோட்டில் எழுதி மூடிவிட வேண்டும். இப்படிக் கவலைக்கென்று தனி நேரம் ஒதுக்கும் முறையை டாம் போர்கோவெக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். காலையில் நெஞ்சை அடைத்த விஷயத்தைச் சாயங்காலம் படித்தால் பாதி நாள் அதில் பேசவே ஒன்றும் இருப்பதில்லை. மீதி நாள் இருக்கும். இருந்தால் உட்கார்ந்து கவலைப்படுவேன், அதற்குத் தடை இல்லை.

இதைவிடக் கடினமானது பார்க்காமல் இருக்கும் பயிற்சி. ஏரி மட்டத்தைக் காலையில் ஒரு முறைதான் பார்க்கலாம், ராத்திரி கிடையாது. பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, மறுநாள் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் எழுத வேண்டும். முதல் சில வாரம் பதற்றம் குறையவில்லை, கூடியது. கூடும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் விட்டுவிடாமல் தொடர்ந்தேன். அலாரம் தேவையான இரவில் அரசே எச்சரிக்கை கொடுக்கும், அந்த மெசேஜுக்குப் போன் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். மற்ற இரவுகளில் போன் ஹாலில்தான்.

ஒரு நாள் அந்த அம்மா கேட்ட கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. "2015ல நிஜமாவே தண்ணி வந்தப்ப நீங்க என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று பிறகு படித்தோம், அன்றைக்கு எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இவர் ஓ.எம்.ஆரில் மாட்டிக்கொண்டார், டவர் இல்லை. நான் மெயினை அணைத்தேன். பையனை மாடி வீட்டில் விட்டேன். அத்தையை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். பத்திரப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் திரும்பப் போய் கேஸ் சிலிண்டரைக் கழற்றினேன். மாடியில் நான்கு குடும்பத்துக்கு ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தோம். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வாரினேன், ரேஷன் கார்டுக்கு வரிசையில் நின்றேன், பையன் சர்டிபிகேட்டை ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன்.

சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அந்த ராத்திரி எனக்குப் பயப்பட நேரமே இல்லை. பத்து வருடமாக நான் நடுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் வராத தண்ணீருக்கு. ஆபத்தைப் பெரிதாகவும், அதைச் சமாளிக்கும் தன் திராணியைச் சிறிதாகவும் பதற்றம் காட்டும் என்றார் அவர். தன் திராணியைப் பற்றிய சாட்சி தன்னிடமே இருந்தும் நாம் எடுத்துப் பார்ப்பதில்லை. இப்போது நோட்டின் பின்பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. இவர் வேலையைப் பற்றி மனசு கலங்கினால் அதை எடுத்துப் படிக்கிறேன்.

இதனால் வேலை நிலைத்துவிடாது, ஏரி நிரம்பாமலும் இருக்காது. வீட்டில் அரிசி இல்லாதவளுக்கு நோட்டு எழுதச் சொல்வது நியாயமும் இல்லை, அவளுக்கு முதலில் வேண்டியது வருமானம். எனக்கு மாறியது இவ்வளவுதான்: தூங்குகிறேன். இவர் வீட்டுக்கு வந்தால் வேறு பேச்சும் பேசுகிறோம். வடபழனிக்குப் போனால் பேரம் பேசாமல் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

இப்போது உன் விஷயம். உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். ஸ்கேன் தேதியைத் தவறவிடாதே. டாக்டர் சொன்ன அறிகுறி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே போ. அது தவிர்த்த ராத்திரித் தடவலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார். அவருக்கும் தெரியும் கோமு, உன் கை வரும்போது அவர் விழித்துத்தான் இருப்பார். பாளையங்கோட்டையை விட்டு எங்கும் போக வேண்டாம், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு உண்டு. ஊரில் யாராவது பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலும் புற்றுநோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பேச சைக்கோ-ஆன்காலஜி என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஸ்கேனுக்கு வருகிற அன்றைக்கே விசாரித்துவிடலாம். ஒருவரிடம் பேசி மனசு ஒட்டவில்லை என்றால் இன்னொருவரிடம் போ. பெயர் கெட்டுவிடும் என்று பார்க்காதே. கீழ்ப்பாக்கத்தைச் சொல்லியே கேலி செய்து வளர்ந்த நாம்தான் இத்தனை வருடம் வாய்மூடி இருந்துவிட்டோம், நம் பிள்ளைகளாவது அப்படி இருக்க வேண்டாம்.

அப்புறம், இந்த முறை லாட்ஜ் போடக் கூடாது. நெல்லை எக்ஸ்பிரஸில் அண்ணனுக்கு லோயர் பெர்த் கேட்டு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. எழும்பூரில் இறங்கினால் அங்கேயே மெட்ரோ, மாறாமல் அசோக் நகர் வந்துவிடலாம், அங்கே நான் நிற்பேன். ரிப்போர்ட் வாங்கும் வரை உங்கள் கூடவே இருக்கிறேன், லீவு சொல்லியாயிற்று. அத்தை உன் கையால் சொதி சாப்பிட வேண்டும் என்று இப்போதே கேட்டுவிட்டார்கள். தேங்காய் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தி