பணத்தின் வரலாற்றுக்கு ஓர் இறாக்கை: மட்டக்களப்புப் படுவான்கரை வாசிகசாலைப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம்

அன்பின் தங்கச்சி,

பணத்தின் வரலாறு பற்றிய நூல்களுக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கியிருக்கிறீர்கள். உயர்தரப் பொருளியல் பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வி மற்ற வாசிகசாலைகளுக்கும் இருக்கும், அதனால் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

காசைச் செலவழிக்க முதல் ஒன்றைத் தீர்மானியுங்கள். 'பணத்தின் வரலாறு' என்று அட்டையில் போட்டிருக்கும் நூல்களில் பாதி உண்மையில் காசுகளின் வரலாறுதான். கணக்கும் கடனும் காசுக்கு மிக மூத்தவை. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டத்திலேயே தானியக் கடனுக்கு மூன்றிலொரு பங்கும் வெள்ளிக் கடனுக்கு ஐந்திலொரு பங்கும் வட்டி என்று வரம்பு இருக்கிறது. முத்திரை குத்திய காசு லிதியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) வந்தது கி.மு. 7ஆம் நூற்றாண்டில். இடைப்பட்ட ஆயிரம் வருடத்துக்கு மேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்கள், களிமண் பலகையில் பற்று எழுதினார்கள், அறுவடையில் கழித்தார்கள். விதைநெல்லையும் உரத்தையும் கடனாக எடுத்து, களவெட்டியில் நெல்லாக அளந்து கடன் தீர்ப்பதைக் கேள்விப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. விளங்காமல் போவது பாடப் புத்தகத்தின் முதற் பக்கத்தால்: முதலில் பண்டமாற்று, அது வசதிப்படவில்லை, ஆகவே பணம் வந்தது என்ற அந்தக் கதையால்.

ஆகவே எந்த நூலைக் கையில் எடுத்தாலும் பண்டமாற்றுப் பகுதியை முதலில் திறந்து பாருங்கள். 1776இல் அடம் ஸ்மித் சொன்ன இறைச்சிக்காரன், பாண்காரன் பண்டமாற்றுக் கதையைச் சான்றில்லாமல் திருப்பிச் சொல்லியிருந்தால், மற்ற அத்தியாயங்களையும் ஐயத்தோடுதான் வாசிக்க வேண்டும். பண்டமாற்றை மட்டுமே வைத்து ஓடிய ஒரு பொருளாதாரத்தையோ, அதிலிருந்து பணம் பிறந்ததையோ எவரும் நேரில் கண்டு பதிவு செய்யவில்லை என்று மானிடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி 1985இல் எழுதினார். அதற்குப் பிறகு வந்த நூல் அதற்கு ஒரு பதிலாவது சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு நூல்களுக்கும் காசு தேவையில்லை. 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போன ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் இலங்கை பற்றி 1681இல் அச்சிட்ட நூல் குட்டன்பேர்க் இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றாம் பாகத்தில் கண்டி இராச்சியத்தின் நாணயமும் நிறையும் பற்றிச் சில பந்திகள் உண்டு. அதை மட்டும் அச்செடுத்துக் கட்டி வையுங்கள். மூன்று வகைப் பணத்தைச் சொல்கிறார்: போர்த்துக்கேயர் அடித்த தங்கம்மசு, தூண்டில் வடிவத்தில் வளைத்த வெள்ளி (லாறின்), அரசனின் சொந்தக் காசான 'பணம்' என்ற மிகச் சிறிய காசு, இது 75 சேர்ந்தால் ஒரு ஸ்பானிய டொலர். தூண்டில் வெள்ளியை அரசன் அனுமதியோடு யாரும் செய்யலாம். அப்படியானால் கள்ளப் பணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெள்ளையாக வராவிட்டால் அது செல்லாது. செம்பு கலந்திருந்தால் சூட்டில் அந்தச் செம்பு ஒட்சியேறி மேற்பரப்பைக் கறுப்பாக்கிவிடும், அதுதான் சூட்சுமம். அரசனின் முத்திரையை நம்பாமல் உலோகத்தை நம்பிய பணம் அது. (பிள்ளைகள் யாரும் பழைய லாறினை அடுப்பில் போட்டுப் பார்க்க வேண்டாம்.)

அடுத்து நிறை பற்றிய பந்தி. இருபது சிவப்பு மணி ஒரு கழஞ்சு, ஆறு கழஞ்சு ஒரு ஸ்பானிய டொலர் என்கிறார் நொக்ஸ். அந்த வெள்ளி டொலர் ஏறத்தாழ 27 கிராம். ஆறால் பிரித்தால் கழஞ்சு 4.5 கிராம். இருபதால் பிரித்தால் ஒரு மணி 0.22 கிராமுக்குக் கொஞ்சம் கூட. மஞ்சாடி விதைதான் அது. பிள்ளைகளைக் கொண்டு செய்விக்கக்கூடிய சோதனை இது, நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒற்றை விதையை நிறுக்க விடாதீர்கள். மரத்துக்கு மரம் விதை வேறுபடும், பூச்சி துளைத்தது இலேசாக இருக்கும், ஒன்றை வைத்துப் பெருக்கினால் பிழையும் இருபது மடங்காகும். நல்ல விதையாகப் பொறுக்கி இருபதையும் ஒன்றாக வைத்து நிறுத்து, அதை நான்கைந்து தரம் வேறு வேறு விதைகளால் செய்து சராசரி எடுக்கட்டும். முழுவதும் ஒத்து வராது. எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதிலேயே பாடம் இருக்கிறது: சந்தையில் நிறை பற்றி ஏன் அவ்வளவு சண்டை வந்தது, அரசு ஏன் முத்திரை குத்தியது என்பதெல்லாம் அந்த விலகலுக்குள் அடங்கும்.

இரண்டாவது நூல் எச். டபிள்யூ. கொட்றிங்டன் எழுதி 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல். நூறு வருடமாகியும் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. லக்திவா நாணயத் தளத்தில் இணையத்திலேயே வாசிக்கலாம். இதில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அலகு. நிறையெல்லாம் கிறெயினில் இருக்கும், 0.0648ஆல் பெருக்கினால் கிராம். 68 கிறெயின் என்றால் 4.4 கிராம், மேலே நொக்ஸிடமிருந்து பெற்ற கழஞ்சுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. இரண்டு நூலும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இந்த இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். ஒரு குறை: பழங்காலப் பகுதி இப்போது போதாது. தென்னிலங்கை அக்குறுகொடையில் கிடைத்த, பிராமி எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் போன்றவை அவருக்குப் பின்னால் வந்த செய்திகள். ஈழத்தமிழரின் பண்டைய நாணயங்கள் பற்றிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தமிழில் எழுதியிருப்பதை அதன் பக்கத்தில் வையுங்கள். படுத்த நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள, யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் காசைப் பிள்ளைகள் தமிழிலேயே வாசித்து விளங்கட்டும்.

ஆங்கிலேயர் காலத்துக்கு வந்தால் மாற்று விகிதம்தான் தலையிடி. சுவரில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். பழைய உறுதிகளில் இறைசால் என்று வருகிற, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த றிக்ஸ் டொலர் ஒன்றுக்கு 12 பணம், ஒரு பணத்துக்கு 4 ஸ்டைவர், ஆக 48 ஸ்டைவர். 1825இல் ஸ்ரேலிங் என்ற பிரித்தானியப் பணம் வந்தபோது ஒரு றிக்ஸ் டொலரை 1 சிலிங் 6 பென்ஸ் (ஒரு சிலிங் 12 பென்ஸ்) என்று நிர்ணயித்தார்கள். 18 பென்ஸை 12ஆல் பிரித்தால் பணம் ஒன்று ஒன்றரைப் பென்ஸ். 1834 முதல் இலங்கையில் புழங்க ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக் காசு அடித்த விசித்திரத்துக்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்: சட்டம் மாறினாலும் சந்தை பணத்தில்தான் எண்ணியது. 1872இல் ரூபாயும் சதமும் வந்தன. இரண்டு சிலிங் ஒரு ரூபாய் என்று பிடித்தால் றிக்ஸ் டொலர் 75 சதம், பணம் 6¼ சதம். ஒல்லாந்தர் காலத்து விலைகளுக்கு இதே விகிதத்தைப் போடக்கூடாது. கடதாசி றிக்ஸ் டொலர் பெறுமதி இறங்கிய பிறகு நிர்ணயித்த விகிதம் இது. இதைவிட மோசம், பழைய விலையை இன்றைய ரூபாய்க்கு மாற்றுவது. அப்படி ஒரு வரி எந்த நூலில் வந்தாலும் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுங்கள். அந்த விலைக்கு எத்தனை நாள் கூலி, எவ்வளவு நெல் என்று கேட்பதே உருப்படியான வழி.

மட்டக்களப்புக்கென்று ஒரு நூல் வேண்டுமென்றால், ஒல்லாந்த அதிகாரத்தின் தொடக்கம் பற்றிக் கே. டபிள்யூ. குணவர்தன 1958இல் வெளியிட்ட ஆய்வைத் தேடுங்கள். அது பணம் பற்றிய நூலே அல்ல, ஆனால் புளியந்தீவுக் கோட்டையை ஒரு கடன் கணக்காக வாசிக்க அதைப்போல வேறொன்று இல்லை. 1638 மே 18ஆம் திகதி போர்த்துக்கேயரின் அந்தக் கோட்டை ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டிடம் வீழ்ந்தது. 23ஆம் திகதி கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை. போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு போன்ற பொருள்களாகக் கொடுக்க வேண்டும். கணக்கு ஒல்லாந்தரின் நாணய அலகில், கொடுப்பனவு கறுவாவில். கறுவாவுக்கு என்ன விலை போடுவது, செலவு என்று எதையெல்லாம் சேர்ப்பது என்பதைக் கொப்பி எழுதுகிறவனே தீர்மானித்தால் அந்தக் கடன் எப்போது தீரும்? கடன் தீரவில்லை என்பதையே காரணமாக வைத்துப் பிடித்த இடங்களை அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். அளவைக்கு ஆள் வைக்கிறவன் கையில்தான் கணக்கு என்று களவெட்டியில் நின்ற எவரும் சொல்வார்கள்.

இனிக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் என்றால் பீலிக்ஸ் மாட்டின் 2013இல் எழுதியது. பசிபிக்கின் யாப் தீவில் பணமாக வழங்கிய கல் வட்டுகளில் தொடங்குகிறது. 1970இல் அயர்லாந்தின் வங்கிகள் மே முதல் நவம்பர் வரை மூடிக்கிடந்த கதையை அதில் கட்டாயம் காட்டுங்கள்: காசோலைகளே கைமாறின, எவருடைய கையெழுத்து நம்பத்தக்கது என்று மதுக்கடைக்காரரும் மளிகைக்காரரும் கணித்தார்கள், வியாபாரம் ஓடியது. கடைக் கடன்கொப்பி பார்த்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கும். டேவிட் கிரேபர் 2011இல் கடன் பற்றி எழுதியது பெரியவர்களுக்கு. மெசொப்பொத்தேமியா பற்றிய அத்தியாயங்கள் அருமை. நம் காலத்துக்கு வர வர விபரங்களில் அவசரம். முதற் பதிப்பில் அப்பிள் நிறுவனம் தொடங்கிய விதம் பற்றிய வாக்கியம் முழுக்கப் பிழை, பின்பு திருத்தினார்கள். பிந்திய அச்சாகப் பார்த்து வாங்குங்கள். கிளின் டேவிஸின் 1994ஆம் ஆண்டு நூல் தடித்தது. உசாத்துணைக்கு வைக்கலாம், இரவல் கொடுக்க வேண்டாம். நியல் பெர்குசனை யாராவது அன்பளிப்பாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாணய விலைப்பட்டியல்களை வாங்கவே வேண்டாம்.

பெரும்பாலானவை ஆங்கிலம் என்பது பெரிய தடை. ஒவ்வொரு நூலின் முன்னட்டைக்குள்ளும் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒட்டுங்கள்: எந்த அத்தியாயம், எதை விட்டுவிடலாம், வருகிற பத்துச் சொற்களுக்குப் பாடப் புத்தகத்தில் உள்ள தமிழ் என்ன. இது இல்லாவிட்டால் புத்தகம் புதுசாகவே இருக்கும்.

தூயி இலக்கப்படி (நூலக வகுப்பு எண்) அடுக்கினால் இந்த நூல்கள் சிதறிப்போகும். பணம் 332.4, அதன் வரலாறு 332.49, காசுகள் 737.4, கடதாசி நாணயம் 769.55, நொக்ஸும் குணவர்தனவும் 954.93. இலக்கத்தை மாற்ற வேண்டாம், பதிவேடு குழம்பிவிடும். அசல் இடத்தில் ஒரு மட்டை வைத்து, 'பணம் இறாக்கையில்' என்று எழுதிவிட்டு நூல்களை ஒரே இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அந்த இறாக்கையின் கடைசியில் மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் இருக்கட்டும். தமிழிலும் உண்டு. 1884 மே மாதம் ஓரியன்டல் வங்கி முறிந்து, அதன் நாணயத் தாள்களுக்கு ஆளுநர் ஆதர் கோர்டனின் அரசு பொறுப்பேற்று, 1885இல் அரசாங்கத் தாள் வந்த கதையை முதலில் சொல்லிவிட்டு 2022இன் அறிக்கையைக் கொடுங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 69.8 வீதம்.

இறாக்கை அமைந்ததும் பிள்ளைகள் வீட்டிலிருந்து பழங்காசு கொண்டு வரத் தொடங்குவார்கள். புளியாலோ பிறாசோவாலோ தேய்க்க விடாதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். நிறையையும் விட்டத்தையும் எழுதி, இரு பக்கமும் படம் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். வயலிலோ வாவிக்கரையிலோ தோண்டி எடுத்தது என்றால் கதை வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும், வாசிகசாலையில் வாங்கி வைக்கக்கூடாது.

அன்புடன்,
எழுவான்கரையிலிருந்து ஒரு வாசகர்