லிங்கர் பிழைக்குக் குறுக்குவழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை (ஒரே பலகையில் அமைந்த சிறு கணினி) பற்றி வந்த கட்டுரை, நிரலை மடிக்கணினியிலேயே கம்பைல் செய்து பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மாணவர்கள் மாட்டிக்கொள்வதே அந்த வரியில்தான். ஒவ்வொரு கோப்பும் ஒழுங்காகக் கம்பைல் ஆகும். கடைசியில், அவற்றையும் லைப்ரரிகளையும் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் பிழை காட்டி நின்றுவிடும். உடனே பலகையில் உள்ள .எஸ்ஓ கோப்புகளை, அதாவது ஆர்ம் செயலிக்கான லைப்ரரிகளை, அள்ளி வந்து மடிக்கணினியின் சிஸ்டம் ஃபோல்டரில் கொட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே பெயரில் அங்கிருக்கும் இன்டெல் செயலிக்கான லைப்ரரி அழிந்தால் மடிக்கணினியே முடங்கும்.

முதலில் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும். "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்" என்று வந்தால் லைப்ரரி கிடைக்காமல் இல்லை. கிடைத்தது வேறு செயலிக்கானது, அதனால் லிங்கர் ஒதுக்கிவிட்டது. அடுத்த வரியில் வரும் "கேனாட் ஃபைண்ட்" அதன் விளைவுதான். பில்ட் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் லைப்ரரி தேடும் இடமாக யாரோ கைப்பட எழுதிய -எல் (பெரிய L) பாதையோ, லைப்ரரி இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியான பிகேஜி-கான்ஃபிக் எடுத்துக் கொடுத்த பாதையோ காரணமாக இருக்கும். "ஃபைல் இன் ராங் ஃபார்மட்" என்று வந்தால் பில்ட் கட்டளைகளை உருவாக்கும் கருவியான சிமேக்கைச் சந்தேகியுங்கள். அது மடிக்கணினியில் தேடிப் பிடித்த லைப்ரரியின் முழுப் பாதையையும் அப்படியே லிங்கரிடம் நீட்டியிருக்கும்.

இரண்டுக்கும் மருந்து சிஸ்ரூட். அதாவது, பலகையின் லைப்ரரிகளும் ஹெடர்களும் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்புகள்) மடிக்கணினியில் தனி ஃபோல்டரில் இருக்க வேண்டும். பலகையில் தேவையான -டெவ் பேக்கேஜ்களை (லைப்ரரியைக் கொண்டு நிரல் கட்டுவதற்கானவை) முதலில் நிறுவுங்கள். உதாரணமாக, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 மட்டும் இருந்தால் லிங்கருக்குப் போதாது. எண் இல்லாத லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ வேண்டும், அது -டெவ் பேக்கேஜில்தான் வரும். பிறகு /யுஎஸ்ஆர்/லிப், /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் இரண்டையும் ஆர்சிங்க் என்ற கருவி கொண்டு நகலெடுங்கள். பலகையின் ஓஎஸ்ஸில் புக்வார்ம் (டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட) பதிப்பில் /லிப் என்பது தனி ஃபோல்டர் அல்ல, யுஎஸ்ஆர்/லிப்-க்குப் போகும் சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பு). சிஸ்ரூட்டிலும் அந்தச் சிம்லிங்கைப் போட மறக்கக் கூடாது. காரணம், அடிப்படை சி லைப்ரரிக்காக லிங்கர் திறக்கும் லிப்சி.எஸ்ஓ ஒரு பைனரி (இயந்திர மொழிக் கோப்பு) அல்ல. எடிட்டரில் திறந்து பாருங்கள்: 'குரூப்' என்ற சொல்லும், /லிப்-இல் தொடங்கும் பாதைகளும் உள்ள சின்ன உரைக்கோப்பு. அந்தப் பாதைகளின் முன்னால் லிங்கர் சிஸ்ரூட்டைச் சேர்த்துத் தேடும். சிம்லிங்க் இல்லையென்றால் கைவிரித்துவிடும். சாய்கோட்டில் (/) தொடங்கும் பாதையைச் சுட்டும் மற்றச் சிம்லிங்க்குகளும் நகலெடுத்த பின் மடிக்கணினியின் லைப்ரரியைத்தான் காட்டும். நகலெடுக்கும் முன் பலகையிலேயே 'சிம்லிங்க்ஸ்' என்ற கருவியை -சிஆர் ஆப்ஷனோடு ஓட்டினால், கோப்பு முறை (ஃபைல் சிஸ்டம்) ஒன்றே என்றால் அவை சார்புப் பாதைகளாகிவிடும். மீதியைக் கையால் திருத்துங்கள்.

பிகேஜி-கான்ஃபிக்குக்கு பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியை மட்டும் கொடுப்பது பரவலான தவறு. அது பழைய தேடல் பட்டியலோடு ஒன்றைக் கூட்டும், அவ்வளவே. பட்டியலையே மாற்றுவது பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர். கூடவே பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர் வேண்டும். சிமேக்கில், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் டூல்செயின் கோப்பில் சிமேக்_சிஸ்ரூட்டைக் குறித்து, லைப்ரரி, இன்க்ளூட் தேடல்களை 'ஒன்லி' என்றும் புரோகிராம் தேடலை 'நெவர்' என்றும் வையுங்கள். பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டே மறுபடி ஓட்ட வேண்டும். சிமேக் சேமித்து வைத்த கேஷில் இன்டெல் பாதை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரு லைப்ரரிக்குத் தேவையான இன்னொரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வந்தால் -ஆர்பாத்-லிங்க் கொடுங்கள். -ஆர்பாத் கொடுத்தால் உங்கள் மடிக்கணினியின் பாதை பைனரிக்குள்ளேயே பதிந்துவிடும்.

லிங்க் ஆகிவிட்டதென்று நிம்மதி அடைய முடியாது. மடிக்கணினியில் உபுண்டு 24.04 என்றால் அதில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.39; பலகையின் புக்வார்மில் 2.36. அதனால் பலகையில் "ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்" என்று வரலாம். சிஸ்ரூட் கொடுத்திருந்தும் உபுண்டுவின் கிராஸ் கம்பைலர் (வேறு செயலிக்கு நிரல் கட்டும் கம்பைலர்) தன்னோடு வந்த ஜிலிப்சியை எடுத்துக்கொள்வதுண்டு. -டபிள்யூஎல்,-டி (சிறிய t) கொடுத்தால் லிங்கர் திறந்த கோப்புகளைப் பட்டியலிடும். எந்த லிப்சி என்பது அங்கே தெரியும். மடிக்கணினியில் டெபியன் 12 கன்டெய்னருக்குள் (தனித்து ஓடும் சூழல்) அதே டெபியனின் கிராஸ் கம்பைலரைக் கொண்டு பில்ட் செய்வதே நம்பகமான வழி. பலகையில் புதிய ஜிலிப்சியைத் திணிப்பது வேண்டாத விபரீதம்.

கோப்பு கண்ணெதிரே இருக்க, "நோ சச் ஃபைல்" என்று வந்தால் ரீட்எல்ஃப் -எல் (சிறிய l) ஓட்டி 'இன்டர்ப்ரெட்டர்' வரியைப் பாருங்கள். 64 பிட் பைனரி கேட்கும் லோடர் (நிரலை ஏற்றி ஓட்டும் கோப்பு), 32 பிட் லைப்ரரிகள் மட்டுமே உள்ள பலகையில் இருக்காது.

முதல் பை ஜீரோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. அதன் செயலி ஆர்ம்வி6. டெபியன், உபுண்டு தரும் 32 பிட் ஆர்ம்எச்எஃப் கம்பைலர் ஆர்ம்வி7-க்கானது. ஆப்ஷனில் ஆர்ம்வி6 என்று மாற்றினாலும், லிங்கர் கூடவே சேர்க்கும் சிஆர்டி1.ஓ போன்ற தொடக்கக் கோப்புகள் ஆர்ம்வி7-க்காகக் கம்பைல் ஆனவை. அதனால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று நிரல் விழும். ஆர்ம்வி6-க்கென்றே கட்டிய டூல்செயின்தான் வேண்டும்.

அடுத்த கட்டுரையில் எந்தப் பலகை, எந்த ஓஎஸ் பதிப்பு, எந்த ஜிலிப்சி என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜிலிப்சி பதிப்பை அறியப் பலகையில் எல்டிடி --வெர்ஷன் என்று அடித்தால் போதும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்