காமாலைச் சான்றிதழ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்களின் மனநலம் பற்றி மருத்துவர்கள் எழுதுகிறார்கள், பேராசிரியர்கள் எழுதுகிறார்கள். அலுவலகத்தில் கோப்பு கட்டியவன் என்ன பார்த்தான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அதில் 11 ஆண்டுகள் வருகைப் பதிவும் கண்டோனேஷனும் என் மேசையில்தான் இருந்தன.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பொதுவாக 75 சதவீத வருகை இருந்தால்தான் பருவத் தேர்வு எழுதலாம். சற்றுக் குறைந்தவர்கள் மருத்துவச் சான்றிதழ் இணைத்து, கட்டணம் கட்டி விலக்கு கேட்பார்கள். அதுதான் கண்டோனேஷன். மிகவும் குறைந்துவிட்டால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு பருவத்திலும் அறுபது, எழுபது சான்றிதழ்கள் வரும். படித்துப் பார்த்தால், எங்கள் ஊரில் மஞ்சள் காமாலையையும் டைபாய்டையும் தவிர வேறு நோயே கிடையாது என்று தோன்றும். கோடையில் அம்மை சேர்ந்துகொள்ளும். மனச்சோர்வு என்று எழுதிய சான்றிதழ் அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் வந்தது.

கொண்டுவந்தவர் இரண்டாம் ஆண்டு மாணவர். இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருகிறவர். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை நாலாக மடித்து, மனநலப் பிரிவின் முத்திரை உள்பக்கம் போகும்படி வைத்திருந்தார். என் மேசை முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை தூணோரமாக நின்றுவிட்டு, பிறகுதான் வந்து நீட்டினார். ஆறு வாரச் சிகிச்சை, கையெழுத்து, தேதி, எல்லாம் முறையாகவே இருந்தன. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, இந்தத் தாள் ஐந்து மேசை தாண்டிப் போக வேண்டும். வழியில் எல்லோரும் படிப்பார்கள். பேசாமல் காமாலை என்று ஒன்று வாங்கி வந்துவிடு."

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மறுநாளே வாங்கி வந்தார். முந்நூறு ரூபாயாம். விலக்கு கிடைத்தது, தேர்வும் எழுதினார். அடுத்த பருவத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்குப் போனால் வருகை போகிறது சார்" என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தார். முத்திரை குத்தியது நான்தான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. காலையில்தான், கல்லூரியும் காலையில்தான். சீட்டு போட ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு இன்னொன்று. இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழித்து மறுபடியும் அதே வரிசைகள். ஆக, ஒழுங்காக மருந்து சாப்பிடுகிற மாணவருக்குத்தான் வருகை குறைகிறது! என்.சி.சி. முகாமுக்குப் பத்து நாள் போனால் ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' என்று வருகை உண்டு. கபடிப் போட்டிக்கு உண்டு. என்.எஸ்.எஸ். முகாமில் மரக்கன்று நட்டால் உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கப் போன காலைப் பொழுதுக்கு மட்டும் ஆப்சென்ட். மரக்கன்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆலோசனை மையம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதன் சாவி என் கொத்தில்தான் தொங்கியது. உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகளும் கால் ஒடிந்த இரண்டு பெஞ்சுகளும் கிடந்தன. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்கிற நாக் குழு வந்த வாரம் பெருக்கித் துடைத்துப் பூச்சாடி வைத்தோம். பொறுப்பாளர் வணிகவியல் ஆசிரியை ஒருவர். தங்கமானவர்தான். ஆனால் அகமதிப்பெண் போடுகிறவரிடமே போய் எந்த மாணவர் மனம் விட்டு அழுவார்? 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. எத்தனை கல்லூரிகளில் அந்த அறையின் பூட்டு திறந்திருக்கிறது என்று தங்கள் நிருபர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது 23-ஆவது பிரிவு. இவை மருத்துவமனையைப் பார்த்துச் சொன்னவை. கல்லூரி அலுவலகத்தின் வாசல்வரை அந்தச் சமத்துவம் இன்னும் வந்து சேரவில்லை.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஓ.பி. சீட்டைக் காட்டினால் அந்த அரை நாளுக்கு ஓ.டி. கொடுங்கள். நீண்ட விடுப்பானால், சான்றிதழை உறையில் போட்டு ஒட்டி, நேரே கல்லூரி முதல்வரிடம் போகட்டும். சிகிச்சையில் இருக்கிறார், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று இருந்தால் போதும். நோயின் பெயர் எதற்கு? போலிகள் பெருகிவிடும் என்பார்கள். 11 ஆண்டுக் காமாலையைக் கோப்பில் கட்டியவனிடமா அதைச் சொல்வது?

இன்னொன்று. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அதை மாணவர் அடையாள அட்டையின் பின்பக்கம் போடலாம். ரத்த வகைக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அட்டை அச்சடிக்கிற கடைக்காரரிடம் ஆண்டுதோறும் பேரம் பேசியவன் நான். ஒரு வரிக்காகக் கூடுதல் காசு கேட்க மாட்டார்.

(அந்த மாணவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
திருச்சி மாவட்டம்